இராசேஸ்வரியும் இரண்டு இருட்டுக் கமராக்களும்

துணுக்காய்ப் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் நெல் விதைக்கிறவர்களிடம் இராசேஸ்வரியைப் பற்றிக் கேட்டால், முதலில் அவள் தேங்காய் வாங்குகிற விதத்தைத்தான் சொல்வார்கள். குலுக்குவாள், தட்டுவாள், கண்ணைத் தடவிப் பார்ப்பாள். கடைக்காரர் "இது திறமான காய், அக்கா" என்று ஒன்றைப் பொறுக்கி நீட்டினால் அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதில் ஒன்றை எடுப்பாள். அவர் ஏன் அந்த ஒன்றையே தள்ளிவிடப் பார்க்கிறார் என்பது அவளுடைய கேள்வி.

வயது ஐம்பத்தாறு. தகப்பன் வேலணையிலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்தவர். அவள் பிறந்ததும் கலியாணம் கட்டியதும் இந்த மண்ணில்தான். சண்டைக்குள் ஓடி, முகாமில் இருந்து, திரும்பி வந்து பார்த்தபோது வயலின் மேற்கு எல்லைக்கல் நாலடி உள்ளுக்குத் தள்ளி நின்றது. புல்டோசர் தள்ளியிருக்கும் என்றார் கணவர். புல்டோசர் தள்ளினால் கல் சரிந்து கிடக்க வேண்டும், இது நேராக நட்டு, மண் மிதித்து நிற்கிறது என்றாள் அவள். யார் நகர்த்தியது என்று இன்றுவரை தெரியாது. தெரியாதபடியால் எல்லாரிலும் கொஞ்சம் கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியது. கணவர் சிறுநீரக வருத்தத்தில் போய் ஒன்பது வருடம். இப்போது அவளும், முன்பள்ளியில் படிப்பிக்கிற மகள் கஜனியும், இரண்டு ஏக்கர் வயலும்.

போன காலபோகத்தில், மாரிப் பயிர்க் காலத்தில், ஒரு சம்பவம் நடந்தது. வயலுக்குள் நிற்பது யானையா மாடா என்று பார்க்க ஒருவர் ரோச் அடித்திருக்கிறார். யானை வெளிச்சத்தை நோக்கியே வந்தது. அவர் ஓடி வாய்க்காலுக்குள் விழுந்து கால் முறிந்ததோடு தப்பினார். அதன் பிறகுதான் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் அந்தக் கதை தொடங்கியது. வெளிச்சம் போடாமல் இருட்டில் பார்க்கிற கமரா இருக்கிறதாம், கண்ணில் வைத்துப் பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படமாகத் தெரியுமாம், விலை குறைந்ததும் வருகிறதாம். ஊரை விட்டு வெளிநாடு போனவர்கள் ஒன்றுக்குக் காசு அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். நெளுக்குளத்தில் ஒரு கடையில் இரண்டு வகை இருந்தது. தலைவர் வீரகத்தியின் மருமகனுக்குத் தெரிந்த கடை. இரண்டையும் ஒரு கிழமை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுக்கலாம் என்றார்கள்.

"எதை எடுக்கிறது எண்டு ஆர் பாத்துச் சொல்லுறது?" என்று கூட்டத்தில் வீரகத்தி கேட்டார்.

"நான் பாக்கிறன்" என்று இராசேஸ்வரி எழும்பினாள்.

"சரியான ஆள். தன்ர நிழலையே நம்பாத மனுசி" என்றார் வீரகத்தி. எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவள் எழும்பியதற்குக் காரணம் வேறு.

சிறுபோகத்தில், கோடைப் பயிருக்கு, தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். இராசேஸ்வரிக்கு வியாழக்கிழமை. வாய்க்காலில் அவளுக்குக் கீழே வயல் செய்கிற சுதாகரனுக்குச் செவ்வாய்க்கிழமை. வியாழன் பின்னேரம் அவள் வாய்க்காலுக்குக் குறுக்கே மண்ணும் உரப்பையும் போட்டு அணை கட்டி, தன் வயலுக்குத் தண்ணீர் திரும்புகிற வாயை, வக்கடையை, திறந்துவிட்டு வருவாள். வெள்ளி விடியப் போய்ப் பார்த்தால் அணை நடுவில் உடைந்து தண்ணீர் கீழே ஓடிக்கொண்டிருக்கும். ஒரு தரம் இல்லை, மூன்று தரம். கீழே யாருடைய வயல்? சுதாகரனுடையது. வேறென்ன அத்தாட்சி வேண்டும்? அதனால் அவள் செவ்வாய்க்கிழமைகளில், கோழி கூவுவதற்கு முன்னால், மண்வெட்டியோடு போய் ஒரு மணித்தியாலம் தன் வக்கடையைத் திறந்துவிட்டு வரத் தொடங்கினாள். தன்னிடமிருந்து போனதைத் திருப்பி எடுப்பது அது, களவு என்று ஒருநாளும் அவள் நினைக்கவில்லை. கஜனிக்கும் சொல்லவில்லை.

இப்போது வயற்கரையில் உள்ள காவல் கொட்டிலில் இருட்டுக் கமரா வரப்போகிறது. அடுத்த நாளே கொட்டிலிலிருந்து தன் வக்கடை வரைக்கும் காலால் அளந்தாள். நூற்றிமுப்பது காலடி. அந்தத் தூரத்தில் மனுசரைத் தெரிகிற கமராவா, தெரியாத கமராவா என்று அவள் அறிய வேண்டியிருந்தது.

கடையிலிருந்து எடுத்து வரும் பொறுப்பு சுதாகரனுக்கு, கமரா புதன்கிழமைதான் வரும் என்று அவன் சொல்லியிருந்தான். வெள்ளி பின்னேரம் சுதாகரன் இரண்டு பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் வந்தான். நாற்பத்திரண்டு வயது, குறைவாகக் கதைக்கிறவன். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த குடும்பம்.

"ரெண்டையும் பாத்திட்டுச் சொல்லுங்கோ அக்கா. திங்கக்கிழமை கூட்டம்" என்றான்.

"நீரும் பாத்தனீரோ?"

"ஓம், கொட்டிலிலை இருந்து பாத்தன். யானை வரேல்லை."

"எதை எடுக்கலாம் எண்டு நினைக்கிறீர்?"

"பெரிசு நல்லம்." அவ்வளவுதான் சொன்னான். ஏன் பெரிசு என்று சொல்லவில்லை. அவன் போன பிறகு அவள் கதிரையில் இருந்து பெட்டிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்று ஒற்றைக்கண் குழல், கைக்குள் அடங்கும். மற்றது இரட்டைக்கண், பாரம், பெட்டியில் ஐநூறு மீற்றர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு பெட்டியின் ஒட்டும் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தது.

"கடையிலை காட்டேக்க கிழிச்சிருப்பினம்" என்றாள் கஜனி.

"கடைக்காரர் பிளேட்டாலை வெட்டுவினம். இது நகத்தாலை பிச்சது."

சனிக்கிழமை காலை பஸ் ஏறி, மாங்குளத்தில் மாறி, அவள் நெளுக்குளத்துக்கே போனாள். கடையில் தேனுகா என்ற பிள்ளை நின்றாள். இருபத்திரண்டு இருபத்திமூன்று வயது இருக்கும்.

"ஐநூறு மீற்றர் எண்டு போட்டிருக்கு. ஐநூறு மீற்றரிலை என்ன தெரியும்?"

"உண்மையைச் சொல்லவோ அன்ரி?"

"அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தனான்."

"ஐநூறிலை ஒண்டும் தெரியாது. அங்கை ஆரும் லைற் பிடிச்சால் அந்த லைற் தெரியும். மாடோ யானையோ எண்டு பிரிச்சறிய நூற்றைம்பது. நல்ல வெளியெண்டால் கொஞ்சம் கூட. சின்னன் அறுபது, எழுபதோடை சரி."

"ஏன் அப்பிடி?"

"ரெண்டும் தன்ர லைற்றை அடிச்சுத்தான் பாக்குது. எங்கட கண்ணுக்குத் தெரியாத லைற். பெரிசின்ர லைற் பலம் கூட. ஆனா நேர முன்னாலை நிண்டு பாத்தால் சிவப்பா ஒரு பொட்டுத் தெரியும். சின்னன்ர லைற்றிலை அந்தப் பொட்டும் இல்லை, அதாலை எட்டவும் எட்டாது. பனிப்புகார் மூடினால் ரெண்டும் ஒண்டுதான், வெள்ளைச் சீலையைப் பாத்த மாதிரி இருக்கும். மற்றது, பெரிசு ரெண்டரை மணித்தியாலத்திலை சார்ஜ் இறங்கும். சின்னனுக்குக் கடையிலை விக்கிற பற்றரி போட்டுக் கொள்ளலாம்."

ஒரு கடைக்காரி தன் சாமானின் குறையை இப்படி அடுக்குவதை இராசேஸ்வரி கண்டதில்லை. என்ன நோக்கத்தில் சொல்கிறாள் என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தேனுகா அலுமாரியிலிருந்து மூன்றாவது பெட்டி ஒன்றை எடுத்து வைத்தாள். உடம்புச் சூட்டைப் பிடித்துக் காட்டுகிறதாம், புகாருக்குள்ளும் தெரியுமாம். விலை மற்ற இரண்டையும் கூட்டினாலும் நாலு மடங்கு. இராசேஸ்வரிக்கு நெஞ்சு நிம்மதியானது. இதற்குத்தான் இவ்வளவு உண்மையும்.

"வேண்டாம் பிள்ளை."

"பரவாயில்லை அன்ரி. திங்கக்கிழமை வந்த அண்ணாவும் இதே கேள்விதான் கேட்டவர். அவருக்கும் காட்டினனான்."

"எந்தத் திங்கக்கிழமை?"

"இந்தக் கிழமைதான். வைஃபை கிளினிக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர், அப்பிடியே ரெண்டையும் எடுத்துக்கொண்டு போனவர்."

திரும்பி வரும் வழி முழுக்க அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி நாட்களை எண்ணினாள். புதன் என்று சொன்னது. எடுத்தது திங்கள். நடுவில் செவ்வாய். அந்தச் செவ்வாய் விடிய, புதன்தானே கமரா வரும் என்ற நினைப்பில், அவள் வழக்கம்போல மண்வெட்டியோடு போயிருந்தாள். தன்னைப் பிடிப்பதற்கென்றே அவன் நாளை மாற்றிச் சொல்லியிருக்கிறான் என்று மாங்குளத்தில் இறங்கி நிற்கும்போதே முடிவு கட்டிவிட்டாள். சின்னக் கமராவைத்தான் எடுக்க வேண்டும். காரணமும் கைவசம் இருந்தது: பெரிசின் சிவப்புப் பொட்டு யானைக்குத் தெரிந்துவிடும்.

ஆனாலும் பாராமல் சொல்லக்கூடாது. ஞாயிறு மத்தியானம் நெல் வைக்கிற களஞ்சிய அறையின் கதவைச் சாத்தி, யன்னல் இடுக்குகளில் சாக்கு அடைத்து, பட்டப்பகலில் கண் தெரியாத இருட்டாக்கினாள். கஜனியை அந்தத் தொங்கல் மூலையில் நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"எத்தினை விரல் காட்டுறன் அம்மா?"

"மூண்டு. மற்றக் கையை ஏன் பின்னாலை வைச்சிருக்கிறாய்?"

"சொறியுது."

சின்னனில் மகளின் முகம் வெளிறி, கண்மணி இரண்டும் நாணயம் போல வெள்ளையாக மின்னின. பெரிசில் உரப்பையில் அச்சிட்ட எழுத்தே வாசிக்க முடிந்தது. கஜனி இடம் மாறி வந்து, எதிரே நின்று, "ஓம் அம்மா, பெரிசிலை சிவப்புப் பொட்டுத் தெரியுது. நேரா நிண்டால்தான். பக்கத்திலை விலகினால் இல்லை" என்றாள்.

பெரிசின் பொத்தான்களை அமத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது அதன் வயிற்றில் ஒரு சின்ன மூடி திறந்தது. உள்ளே நகம் அளவு மெமரி காட். வீடியோவும் எடுக்கும் என்று பெட்டியில் இருந்தது. கஜனி காட்டைக் கழற்றித் தன் போனில் போட்டாள். இரண்டு பேரும் கதவைத் திறந்து படியில் இருந்து பார்த்தார்கள்.

சாம்பல் நிற வயல். வாய்க்கால் வெள்ளிக் கோடாகப் போகிறது. கமரா கொஞ்சம் நடுங்கி, பிறகு நிலைக்கிறது. வரம்பில் ஓர் உருவம் குனிந்து மண்ணைக் கொத்துகிறது. நிமிர்ந்து சுற்றிவரப் பார்க்கிறது. பார்க்கும்போது கண் இரண்டும் மின்னுகின்றன. தலையில் துவாய் கட்டின விதம், இடது தோளைச் சாய்த்துக்கொண்டு நிற்கிற நிலை.

"அம்மா, இது நீங்கள்."

கஜனி போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள்.

"செவ்வாய்க்கிழமை, விடிய நாலு பத்து எண்டு கிடக்கு. எங்கட முறை வியாழனெல்லோ?"

"அவன் எங்கட தண்ணியை எடுக்கிறான் பிள்ளை."

"நீங்கள் கண்டனீங்களோ?"

"காணத்தான் வேணுமோ?"

கஜனி போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "முன்பள்ளிக்குச் சுதாகரண்ணையின்ர மகளும் வாறாள் அம்மா" என்றாள். ஏன் அதைச் சொன்னாள் என்று இராசேஸ்வரிக்கு விளங்கியது. விளங்கியதால் கோபம் வந்தது.

"அதை அழி."

"நான் அழிக்கமாட்டன். அவர் தன்ர போனிலும் வைச்சிருந்தால் என்ன செய்வீங்கள்?"

அதுதான் அவளைக் கதிகலங்க வைத்தது. ஏன் காட்டைக் கழற்றாமல் தந்தான்? மறதியா? மறதி என்றால் மற்ற எல்லாவற்றையும் துடைத்து, கயிறு சுற்றி, ஒழுங்காகப் பெட்டியில் வைத்தவன் இதை மட்டும் மறப்பானா? கூட்டத்தில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டப்போகிறான். அதற்கு முன் அவளுக்கு ஒரு சைகை. நாலு மணிக்குத் துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்தாள்.

சுதாகரன் முற்றத்துக் கொட்டிலடியில் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தான். மனைவி பிரேமிளா கதிரை கொண்டுவந்து வைத்துவிட்டு, குசினிக்குள் போகாமல் அங்கேயே நின்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

"மெமரி காட்டைப் பாத்தன்" என்றாள் இராசேஸ்வரி.

"ம்."

"நாளை மாத்திச் சொல்லி என்னைப் பிடிச்சிருக்கிறீர்."

"கடையிலை புதன் எண்டுதான் சொன்னவை. திங்கக்கிழமை இவவின்ர கிளினிக். ரெண்டு தரம் ஏன் போவான் எண்டு கேட்டன், தந்திட்டினம். நான் யானை பாக்கத்தான் இருந்தனான். முதல்லை காட்டுப் பண்டியெண்டு நினைச்சன்."

பிரேமிளா வாயைப் பொத்திக்கொண்டாள். இராசேஸ்வரி அவளைப் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"

அவன் பிடியை நிலத்தில் குத்தினான். கோபம் வந்தால் மட்டும் அவனுடைய பேச்சில் தகப்பனின் பேச்சு ஏறும். "யாருங்க நம்புவாங்க? தோட்டக்காட்டான் தன்ர களவை மறைக்க ஒரு பொம்பிளை மேல பழி போடுறான்னு சொல்லுவாங்க. நீங்களே சொல்லுவீங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னால கூட்டத்தில அந்தச் சொல்லைச் சொன்னீங்க. நான் கதவடியில நிண்டனான்."

சொல்லியிருந்தாள். அவன் நின்றதை அன்று காணவில்லை. எல்லாரையும் கவனிக்கிற அவள் அதைக் கவனிக்கவில்லை.

"காட்டை வேணுமெண்டுதான் விட்டனீரோ?" என்று கேட்டாள்.

"மறந்துபோனன்" என்றான். அவள் நம்பவில்லை. தான் நம்பவில்லை என்பது அவனுக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"அப்ப வியாழக்கிழமை என்ர அணையை உடைச்சது ஆர்?"

"வியாழக்கிழமை வீடியோவும் அதிலை கிடக்கே. பாக்கேல்லையோ?"

அவள் பார்க்கவில்லை. தன்னைக் கண்டதோடு நிறுத்திவிட்டாள். வீட்டுக்கு வந்து கஜனியைக் கொண்டு அதைப் போடச் சொன்னாள். பன்னிரண்டு நிமிட வீடியோ. பத்து நிமிடத்துக்கு வாய்க்காலும் அவள் கட்டிய அணையும் மட்டும். பிறகு மாடுகள், ஏழெட்டு, ஒன்றன்பின் ஒன்றாக, ஆழம் குறைந்த இடம் அதுதான் என்று பழகினவை போல அணைக்கு மேலால் ஏறி மிதித்துக் கடந்து போயின. கடைசி மாடு காலை வைத்ததோடு அணை நடுவில் கரைந்து தண்ணீர் பாய்ந்தது. இராசேஸ்வரி அந்த இடத்தை நாலு தரம் போடச் சொன்னாள்.

"பாத்தீங்களே அம்மா. ஒருத்தரும் களவெடுக்கேல்லை."

"பொறு. அந்தக் கொம்பு தொங்குற மாட்டைப் பார். அது ஆரின்ர?"

கஜனி பார்த்தாள். ஒரு கொம்பு காதடியில் தொங்குகிற சிவத்தப் பசுவை ஊரில் எல்லாருக்கும் தெரியும். தலைவர் வீரகத்தியின் மாடு. சிறுபோகத்தில் மாட்டைக் கட்டி வைக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுகிறவரும் அவர்தான்.

திங்கள் பின்னேரக் கூட்டத்துக்கு இராசேஸ்வரி இரண்டு பெட்டியையும் கொண்டு போனாள். எழும்பி நின்று, கண்டதைக் கண்டபடி சொன்னாள். ஐநூறு மீற்றர் என்பது பொய், நூற்றைம்பது நிச்சயம். சின்னன் எழுபதோடு குருடு, எழுபதில் யானையைக் கண்டு பயனில்லை, அதற்குள் அது எங்களைக் கண்டுவிடும். பெரிசின் சிவப்புப் பொட்டு நேரே நின்றால்தான் தெரியும், லைற்றைக் குறைத்து வைத்துப் பாவிக்கலாம். இரண்டரை மணித்தியாலத்தில் சார்ஜ் இறங்கும், ஆனபடியால் தொடர்ந்து பார்க்காமல் இடையிடையே பார்க்க வேண்டும். மழைப் புகாரில் ஒன்றும் தெரியாது, அன்றைக்கு நெருப்பு மூட்டத்தான் வேண்டும். இதை ஏன் வைத்திருக்கிறோம் என்று ஆமியோ பொலிசோ கேட்டால் காட்ட கிராம சேவையாளரிடம் ஒரு கடிதம் எடுத்து வைக்க வேண்டும்.

"அப்ப பெரிசு" என்றார் வீரகத்தி.

"ஓம், பெரிசு." அவள் இருக்கவில்லை. சுதாகரன் பின்வரிசையில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னொண்டு. செவ்வாய்க்கிழமைகளிலை என்ர வக்கடையைத் திறந்தது நான்தான். நாலு கிழமை. சுதாகரன் என்ர தண்ணியை எடுக்கிறார் எண்டு நினைச்சன். அவர் எடுக்கேல்லை. முந்தி அவரைப் பற்றி இதிலை நிண்டு நான் சொன்னதும் பிழை."

வீரகத்தி கண்ணாடியைக் கழற்றிக் கடுமையாகத் தொடங்கினார். "என்ன ராசேஸ்வரி, நீரே இப்பிடிச் செய்தால்..."

"அணையை மிதிச்சு உடைச்சது உங்கட மாடுகள், அண்ணை. படம் இருக்கு. போடட்டோ?"

வீரகத்தி கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

தண்டம் இல்லாமல் விடவில்லை. வரும் வியாழன் முறையை அவள் சுதாகரனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும் என்று தீர்த்தார்கள். சுதாகரன் வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டவில்லை, தண்ணீரை எடுத்தான். அவளுடைய வயலின் மேட்டுப்பக்கம் ஒரு துண்டு சுருண்டு பதராகியது. கஜனி இரண்டு நாள் தாயோடு அளந்து அளந்துதான் கதைத்தாள். மூன்றாம் நாள், முன்பள்ளியில் சுதாகரனின் மகள் தன்னிடம் வந்து, "உங்கட அம்மா பண்டியோ ரீச்சர்?" என்று கேட்டதைச் சொல்லும்போது அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். இராசேஸ்வரிக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேமிளாதான் அந்தக் கதையை வீட்டில் சொல்லியிருக்க வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வியாழன்களில் அணை கட்டும்போது சுதாகரனைக் கூப்பிட்டு நிற்கச் சொல்வாள். செவ்வாய்களில் அவன் அவளைக் கூப்பிடுவான். இரண்டு பேரும் வரம்பில் நின்று மற்றவரின் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதிகம் கதை இல்லை. நாலைந்து கிழமையில் உர விலை, பூச்சி என்று ஏதோ கொஞ்சம் கதை வந்தது. வீரகத்தியின் மாடுகள் கட்டையில் நின்றன.

ஆவணியில் கதிர் பழுத்தபோது யானைகள் வந்தன. அன்று காவல் முறை இராசேஸ்வரிக்கும் பிரேமிளாவுக்கும், இன்னும் இரண்டு ஆண்களுக்கும். ஆண்கள் யானை வெடியோடு கீழே நின்றார்கள். கொட்டிலின் மேல் தட்டில் பிரேமிளா கமராவைக் கண்ணில் வைத்திருந்தாள்.

"காட்டுக்கரையிலை நிக்குது அக்கா. ரெண்டு பெரிசு, ஒரு குட்டி. இன்னும் வரம்பிலை ஏறேல்லை."

"இஞ்சை தா, நான் பாக்கிறன்."

பிரேமிளா கமராவை நீட்டினாள். இராசேஸ்வரி எண்ணினாள். சாம்பல் மரங்களுக்கு முன்னால் இரண்டு பெரிய உருவம், காலுக்கிடையில் ஒரு சின்னது. குட்டி தும்பிக்கையால் தாயின் வாலைப் பிடிக்கப் பார்த்துத் தவறவிட்டது. அவள் இன்னொரு தரம் எண்ணினாள்.

"ரெண்டு பெரிசு, ஒரு குட்டி" என்று கீழே நின்றவர்களுக்குக் குரல் கொடுத்தாள். "கிழக்காலை போடுங்கோ. குட்டிக்குக் கிட்டப் போடாதேங்கோ."

வெடி கிழக்கே வானத்தில் கேட்டது. மூன்று உருவமும் திரும்பி மரங்களுக்குள் போயின. ரோச் அடிக்க ஒருவரும் போகவில்லை. அந்தச் சிறுபோகத்தில் யானையால் போனது கரையோரம் அரை ஏக்கர்தான்.